நுரையக்காவும் காட்டுச் சேறும்

கடைக்குத் துணி துவைக்கும் மெஷின் வந்து இறங்கிய அன்று, எவ்வளவு சோப்புத்தூள் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் தெளிவதற்குள் மெஷினைக் கொண்டுவந்தவன் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மரம் அறுக்கும் மில் ஆட்களின் துணி. எண்ணெயும் பிசினும் மரத்தூளும் சேர்ந்து தோல் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். கொஞ்சம் தாராளமாகவே போடுவோம் என்று வாளியில் இருந்ததை அப்படியே கவிழ்த்தாள். சற்று நேரத்தில் நுரை மெஷினின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. தரையில் பரவியது. படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டது.

எதிர்க் கடையில் டீ போட்டுக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார், வடிகட்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, "அடியே, கடை பொங்குதுடி! அடுப்பை அணை!" என்று கத்தினாள். தெரு முழுக்க ஒரே சிரிப்பு. நாய் ஒன்று நுரைக்குள் புகுந்து வெள்ளைத் தாடியோடு வெளியே வந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் நுரையக்கா என்கிற பெயர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சின்னப் பெண் அப்போது. இருந்தாலும் தலை நரைத்த மில் ஆட்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முதலில் வருவது வாசனை. புதிதாக அறுத்த மரத்தின் வாசனை. மில்லில் ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டால் அது ஊர் முழுக்க நிற்கும். படுக்கை விரிப்பில் இருக்கும், குழந்தையின் தலைமுடியில் இருக்கும், கட்டிய கணவனின் கழுத்தில் இருக்கும். கணவர் மில்லுக்காகக் காட்டில் மரம் வெட்டுகிறவர். ஊருக்கு ரம்பக்காரர். எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கவேண்டும் என்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, மோட்டார் ரம்பத்தைத் தூக்கினாரென்றால் மரம் சொன்ன இடத்தில் விழும். வீட்டில் மட்டும் அவர் சொன்னது சொன்ன இடத்தில் விழாது. "வெளியில புலி, உள்ள எலி" என்று அவருடைய அக்காவே, அதாவது டீக்கடை நாத்தனாரே, சொல்லிச் சிரிப்பாள்.

நான்கு பக்கமும் காடு, மேலே மலை, மலைக்கு நடுவில் ஓர் ஏரி, ஏரியிலிருந்து இறங்கி வரும் ஆறு. ஆற்றங்கரையில் மில். மில்லைச் சுற்றி ஊர். மில் ஆட்களின் உடுப்பைத் துவைத்து மடித்துக் கொடுப்பது நுரையக்காவின் வேலை. ஒவ்வொருவர் சட்டையிலும் கிழிகிற இடம் ஒன்று இருக்கும். கட்டை சுமக்கிறவருக்குத் தோள், ரம்பம் பிடிக்கிறவருக்குத் தொடை, மேஸ்திரிக்கு மட்டும் முழங்கை. "உக்காந்து மேசையில சாஞ்சே தேஞ்சுபோச்சு" என்பாள். மேஸ்திரியின் காதில் விழும்படியே சொல்வாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் மில் மூடியது. பெரிய மரங்கள் தீர்ந்துவிட்டன, சின்ன மரங்களை அறுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். கடைசி நாள் சாயங்காலம் ரம்பம் நின்றபோது, தூங்குகிற குழந்தை தொட்டில் நின்றால் விழித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி ஊரே வாசலுக்கு வந்து நின்றது.  ஆற்றுச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அன்றுதான் காதில் விழுந்தது.

பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. ரம்பக்காரர் பெரிய நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். விடுமுறை கிடைத்தால் வருவார். வரும்போது சட்டையில் சிமெண்டு வாசனை. நுரையக்கா அதை இரண்டு தடவை அலசுவாள்.

கடையில் துவைக்கத் துணி இல்லை. தினமும் காலையில் திறப்பாள், மெஷினைத் துடைப்பாள், சாயங்காலம் மூடுவாள். "துணியே இல்லாத கடைக்கு எதுக்குடி இத்தனை சுத்தம்?" என்பாள் நாத்தனார். "ஈ ஓட்டுறதுக்கும் இடம் சுத்தமா இருக்கணும் அண்ணி" என்று இவள் பதில் சொல்வாள்.

அப்போதுதான் மாவட்ட ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். மரம் வெட்டப் போட்ட பழைய பாதைகளைச் சீர்செய்து, ஏரி வரைக்கும் நடைபாதை போடப்போகிறோம். ஏரிக்கரையில் கூடாரம் போட இடம், ஆற்றில் துடுப்புப் படகு. நகரத்திலிருந்து ஜனங்கள் வந்து நடப்பார்கள், படகு விடுவார்கள், உங்களுக்கும் பிழைப்பு நடக்கும் என்றார்கள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடையில் கூடிச் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

"நடக்கவா? நடக்கிறதுக்கா அவ்வளவு தூரத்திலிருந்து வருவாங்க?" என்றார் முடிதிருத்துகிறவர்.

"அவங்க ஊர்ல தெரு இல்லையாமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நான் சின்ன வயசுல ஏரிக்கும் ஊருக்கும் நடந்த நடைக்கு, எனக்குச் சிலையே வைக்கணும்" என்றாள் நாத்தனார். "வீட்டுல கட்டில் மெத்தையை விட்டுட்டு வந்து தரையில படுப்பாங்களாம். கிறுக்குப் புடிச்சவங்க எவ்வளவு பேருடா இருப்பாங்க? மிஞ்சிப் போனா ஒரு வேன்."

நுரையக்காவும் சிரித்தாள். அவளுக்கும் நம்பிக்கை இல்லை.

மழைக்காலம் தொடங்கி ஒரு நாள் மத்தியானம். கடையில் தனியாக உட்கார்ந்து மகளின் பாவாடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கணவன் மனைவி போலிருந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. கண் எது, மூக்கு எது என்று தேடவேண்டியிருந்தது. முதுகில் ஆளுக்கொரு மூட்டை. அதுவும் சேறு.

"அக்கா, துவைச்சுக் காயவைச்சுத் தர முடியுமா? மாத்திக்கக்கூட ஒண்ணுமில்லை. பையோட ஓடையில விழுந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண். பல் தந்தியடித்தது.

"எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மழைக்கோட்டைக் காட்டினார்கள்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் போய்வந்து, மெஷினுக்கு எதிரே பெஞ்சியில் இருவரும் மழைக்கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு, முழங்காலைச் சேர்த்து, பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தார்கள். மெஷின் சுற்றியது. முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் போனது. எதிர்க் கடையிலிருந்து கண்ணாடி வழியே பார்த்த நாத்தனார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

"ஏண்டி, உள்ள ரெண்டு பேரு..."

"ஆமா அண்ணி."

"கோட்டுக்குள்ள..."

"ஒண்ணுமில்லை அண்ணி. சூடா டீ கொண்டாங்க. குளுருல நடுங்குறாங்க."

நாத்தனார் வாயை மூடிக்கொண்டு போய் டீ கொண்டுவந்தாள். அந்த ஜோடி, துணி காயவைக்கும் டிரையரிலிருந்து எடுத்த சூடான சட்டையை முகத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "அக்கா, உலகத்துலயே நல்ல இடம் இதுதான்" என்றான் அவன். ஏரியைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிற பேச்சா அது என்று நுரையக்கா பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒரு வேன் இல்லை, வேன் வேனாக வந்தார்கள். முடிதிருத்தும் கடையில் பாதி, நடக்கிறவர்களுக்கான தடியும் காலுறையும் விற்கிற கடையாக மாறியது. மில் குடியிருப்பில் பூட்டிக் கிடந்த வீடுகளில் வாடகைக்கு அறை விட்டார்கள். பழைய மேஸ்திரி படகுத்துறையில் உட்கார்ந்து மிதப்புச் சட்டை மாட்டிவிட்டார். சேறு பூசி வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் நுரையக்காவிடம் வந்து சேர்ந்தார்கள். சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவாள். கூழாங்கல், பறவை இறகு, மீன் தூண்டில் முள், காய்ந்த பூ, ஒரு தடவை உயிரோடு ஒரு தவளை. தவளைக்குச் சொந்தக்காரர் பெரிய வங்கி அதிகாரியாம். "ஐயையோ, இது எப்ப ஏறிச்சு?" என்று அவர் பெஞ்சியின் மேல் ஏறி நின்றார். அவள்தான் அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவந்தாள்.

எல்லாம் நன்றாக நடந்தது. ரம்பக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் முகம் சுருங்கித் திரும்பினார். தெருவில் நிற்கிற கார்களைப் பார்ப்பார். தோளில் படகைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

"இங்கேயே இருந்துடுங்களேன்" என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

"இருந்து? மேஸ்திரி மாதிரி வர்றவனுக்கெல்லாம் சட்டை மாட்டிவிடச் சொல்றியா?"

"மேஸ்திரிக்கு என்ன குறைச்சல்? இப்பதான் முழங்கை கிழியாம சட்டை போடுறாரு."

அவர் சிரிக்கவில்லை. "நான் கத்துக்கிட்டது ஒரே வேலை. மரத்தைச் சாய்க்கிறது. இப்ப இந்த ஊருக்கு மரம் நின்னாதான் சோறு. சாய்க்கிறவன் எதுக்கு?"

 மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். அவர் வேலைக்குத் திரும்பிப் போகும்போது மகள் வாசலுக்கு வந்து கையசைக்கவில்லை. பழகிவிட்டிருந்தது. அதுதான் அவளுக்கு உள்ளே சுருக்கென்று தைத்தது.

அடுத்த வருஷம் அவர் வந்திருந்த சமயம் பார்த்துப் புயல் அடித்தது. ஒரு பகல் முழுக்கக் காற்று. வீட்டுத் தகரக் கூரை தடதடத்தது. காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால், மலையில் யாரோ சீப்பை எதிர்ப்பக்கம் ஓட்டியதுபோல மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஏரிக்குப் போகிற பாதை எங்கே என்றே தெரியவில்லை. மேலே கூடாரம் போட்டவர்கள் கீழே வர வழியில்லை. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

வனக்காவலர் டீக்கடை முன்னால் நின்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆள் வர நாளாகும் என்றார்கள் போலிருக்கிறது. இந்த வனக்காவலருக்கும் ரம்பக்காரருக்கும் பழைய காலத்திலிருந்தே ஆகாது. வெட்டலாம் என்று நான் குறி போடாத மரத்தை வெட்டிவிட்டாய் என்று அவரும், குறி அழிந்துபோனதற்கு நானா பொறுப்பு என்று இவரும், காட்டுக்குள் நின்று கத்துகிற சத்தம் ஊர் வரைக்கும் கேட்கும்.

ரம்பக்காரர் கொல்லைக் கொட்டகையைத் திறந்தார். சாக்கில் சுற்றி வைத்திருந்த மோட்டார் ரம்பத்தை எடுத்தார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். நுரையக்கா உள்ளே போனாள். அவருடைய பழைய கனத்த காற்சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், எடுத்துக் கொடுத்தாள்.

"இதை இன்னுமா வச்சிருக்க?"

"துணி என்ன பாவம் பண்ணுச்சு, தூக்கிப் போடுறதுக்கு?"

அவர் தெருவில் இறங்கி வனக்காவலர் முன்னால் போய் நின்றார். "சார், இப்பவாவது குறி போடாம வெட்டலாமா?"

வனக்காவலர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "வாங்கய்யா, சாமி" என்றார்.

விழுந்த மரத்தை அறுப்பது நிற்கிற மரத்தை வெட்டுவதைவிட ஆபத்து. ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும். தப்பான இடத்தில் ரம்பம் வைத்தால் வில் மாதிரி தெறித்து ஆளை அடிக்கும். அவர் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்துப் பார்த்து அறுத்தார். பழைய மில் ஆட்கள் ஊரில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் பின்னாலேயே போய்க் கட்டைகளை உருட்டித் தள்ளினார்கள். வனக்காவலரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டை உருட்டினார். மறுநாள் மத்தியானம் மேலேயிருந்து ஆட்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் நேராக நுரையக்காவின் கடைக்கு. மெஷினும் டிரையரும் நிற்காமல் ஓடின. பெஞ்சியில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் டீயைப் பானையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு குழந்தை டிரையரின் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது.

கடைசியாக ரம்பக்காரர் வந்தார். வாசலில் நின்றவரிடமிருந்து உள்ளே வந்தது அந்த வாசனை. புது மரம். நுரையக்கா கையிலிருந்த துணியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் அழக்கூடாதே.

"ரம்பக்காரரே, போயிடாதீங்க" என்றார் வனக்காவலர், பின்னாலேயே வந்து. "வருஷா வருஷம் மரம் விழத்தான் போகுது. பாதை திறந்திருந்தாதான் ஊருக்கு ஆள் வரும். அதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் கிடையாது."

ரம்பக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"வீட்டுல சரின்னு சொல்லியாச்சு" என்றது முதுகு.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற வருஷங்கள். தினமும் சாயங்காலம் அவர் சேற்றோடு வருவார். "இலவசமா துவைக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்பாள். "இலவசமா நடக்கிற ஒரே ஆளும் நான்தான்" என்பார். மகளுக்கு அப்பா வீட்டில் இருக்கிறார் என்பது பழக ஒரு குளிர்காலம் ஆனது. பழகிய பிறகு அவரைத் தவிர யாரிடமும் கணக்குப் பாடம் கேட்கமாட்டாள், அவருக்குக் கணக்கு வராது என்று தெரிந்தும். நாத்தனார் டீக்கடையைப் பெரிதாக்கி, மூட்டை தூக்கி வருகிறவர்களை "வாங்க கண்ணுங்களா" என்று வரவேற்றாள். கிறுக்குப் புடிச்சவங்க என்று சொன்னதை ஞாபகப்படுத்தினால், "நானா? இருக்காதே" என்பாள்.

"ஒருநாள் என்னோட ஏரிக்கு வாயேன்" என்பார் ரம்பக்காரர். நுரையக்கா ஏரியைப் பார்த்ததே இல்லை. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் பெண் பிள்ளைக்கு மேலே என்ன வேலை என்று சின்ன வயதில் அவள் வீட்டில் விடவில்லை, அப்புறம் கடை. "கடையை யார் பாக்கிறது? குளிர் போகட்டும், கூட்டம் குறையட்டும்" என்பாள். குளிர் போனால் கூட்டம் வரும். கூட்டம் குறைந்தால் குளிர் வந்துவிடும். இப்படியே போனது.

மகள் படித்தாள், நகரத்துக்குப் போனாள். "இந்தச் சேத்துல எவ இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ரம்பக்காரர் ஒருநாள் காலையில் வேலைக்குப் போக முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினார். ஒரு காலில் மாட்டினார். மற்றதைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு என்றார் டாக்டர். வனக்காவலர் வந்து, ஓய்வுபெற்ற பெரிய மனிதர், தெருவென்றும் பார்க்காமல் குழந்தை மாதிரி அழுதார்.

இரண்டு கோடை கழிந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை வரேன். கூட ஃபிரெண்ட்ஸ் நாலஞ்சு பேரு."

நுரையக்கா அறைகளைத் துடைத்தாள். விரிப்புகளை மாற்றினாள். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய மகளின் முதுகில் மூட்டை.

"என்னடி இது?"

"டென்ட்டும்மா. ஏரிக்கரையில போடப்போறோம்."

"வீட்டுல மூணு ரூம் சும்மா கிடக்கு. அடியே, உங்க அத்தை மட்டும் பார்த்தா..."

உங்க அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீக்கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, "அந்தக் கிறுக்கு நம்ம ரத்தத்துலயும் வந்துடுச்சுடி" என்றாள்.

அன்று சாப்பிடும்போது மகள் மெதுவாகக் கேட்டாள். "நீயும் வாயேன்மா."

"கடை?"

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் நாத்தனார். "சோப்புத்தூள் எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை நுரையக்கா மகளின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தடியோடு கிளம்பினாள். காடு அவள் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. பாதையில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கடைக்கு வந்துபோய்ப் பழகியவர்கள். "அக்கா, நீங்களா! சேத்துல கால் வச்சுடாதீங்க" என்று கேலி செய்துகொண்டு தாண்டிப் போனார்கள்.

பாதி ஏற்றத்தில் ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. நடுவில் ஆள் போகிற அகலத்துக்கு மட்டும் அறுத்து எடுத்திருந்தது. இந்தப் பக்கம் பாதி மரம், அந்தப் பக்கம் பாதி மரம், நடுவில் வாசல் மாதிரி வழி. அறுத்த முகம் மழையிலும் வெயிலிலும் வெளுத்து, ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. நுரையக்கா நின்றாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவர் அறுத்தால் பிசிறு இருக்காது. இதிலும் பிசிறில்லை.

"அப்பாவோடதா?" என்றாள் மகள்.

"வேற யாரு."

மகளும் கையை வைத்தாள். பின்னால் வந்தவர்கள் ஒன்றும் புரியாமல், ஆனால் முந்திப் போகாமல், காத்து நின்றார்கள். அப்புறம் மேலே போகப் போக அந்த மாதிரி எத்தனையோ. சில இடத்தில் அவர் படி மாதிரி வெட்டி வைத்திருந்தார். ஓரிடத்தில் கட்டையில் சாய்மானம் வெட்டி உட்கார வசதி செய்திருந்தார். இங்கே உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு சாப்பிட்டிருப்பார். அவள் அதில் உட்கார்ந்து பார்த்தாள். சரியாக இருந்தது. "வீட்டுல ஒரு ஸ்டூல் ஆடுது, ஆடுதுன்னு எத்தனை வருஷம் சொன்னேன். அதைச் செய்ய நேரமில்லை. காட்டுக்கு நாற்காலி போட்டிருக்காரு பாரு" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏரி வந்தது. அவ்வளவு பெரிய தண்ணீர் அவ்வளவு உயரத்தில் ஏன் அசையாமல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளும் தோழிகளும் கூடாரத்தை விரித்துக் கழிகளை மாட்டத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். நுரையக்கா பூட்ஸைக் கழற்றி, தண்ணீரில் காலை வைத்துப் பார்த்து, "அம்மாடி, ஐஸு!" என்று இழுத்துக்கொண்டாள். வெயில் பட்டுச் சூடேறியிருந்த ஒரு தட்டைப் பாறையில், சும்மா முதுகை நீட்டலாம் என்றுதான் படுத்தாள்.

மகள் கூடாரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது அம்மா வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பட்டுமா?" என்றாள் ஒரு தோழி. வேண்டாம் என்று மகள் தலையாட்டினாள். தன்னுடைய மேல்கோட்டைக் கழற்றி அம்மாவின் காலில் போட்டுவிட்டு, பாறை ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.